சிவலைக்கு வந்த அம்மை

லூசியாவுக்கு எதிலும் அருவருப்பு வராது என்று முள்ளிக்குளத்தில் சொல்வார்கள். மீன்குடலை வெறுங்கையால் உருவி எறிவாள். பாயோடு கிடந்த மாமியாருக்குச் சாகும்வரை மலசலம் அள்ளியவள் அவள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கே தன் பசுவைப் பார்த்துக் குமட்டியது.

போரில் இடம்பெயர்ந்து ஊருக்குத் திரும்பி வந்த பிறகு கணவன் பேதுருவின் கடல்தொழில் முன்போல ஓடவில்லை. இரண்டு பசுக்களை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. அதில் சிவலை என்ற செம்பசு கன்று போட்டிருந்தது. மழை விட்ட ஒரு காலையில் அதன் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. குளவி கொட்டியிருக்கும் என்று லூசியா நினைத்தாள். பார்த்துக்கொண்டிருக்க விலா, மடி, முலைக்காம்பு என்று உடம்பு முழுக்கக் கிளம்பிவிட்டது. சில புளியங்கொட்டை அளவு, சில எலுமிச்சங்காய் அளவு. வாயிலிருந்து கோழை கயிறு கயிறாக ஒழுகித் தண்ணீர்த் தொட்டியில் மிதந்தது. அதையே கன்று உறிஞ்சிக் குடித்தது.

கட்டிகள் உடைந்தபோது நாற்றம் குசினிவரை வந்தது. புண்ணில் ஈயாய் அப்பிக் கிடந்த இலையான்களை விரட்டினால், நேரே வந்து சோற்றுப்பானை மூடியில் குந்தின.

மிருக வைத்தியக் கந்தோரிலிருந்து டிலோஜினி என்ற பெண் வந்து பார்த்தாள்.

“இது மாட்டுக்கு வாற அம்மை அக்கா, ஒரு வைரஸ். கடிக்கிற இலையானும் நுளம்பும் உண்ணியும் இந்த மாட்டில இரத்தம் குடிச்சிட்டு, ஈரம் காயாத வாயோட மற்ற மாட்டில போய்க் குத்தும். ஒரே ஊசியால எல்லாருக்கும் குத்தினமாதிரி. கோழையிலயும் இருக்கு, காய்ஞ்சு விழுற பொருக்கிலயும் இருக்கு.”

“மருந்து இல்லையோ?”

“வைரஸைக் கொல்ல மருந்தில்லை. புண் சீழ் பிடிக்காமப் பாக்கலாம். தனியக் கட்டுங்கோ, புகை போடுங்கோ. ஊரை விட்டு வெளியால கொண்டுபோக விடாதேங்கோ.”

“எங்களுக்கும் தொத்துமோ மிஸ்?”

“இல்லையக்கா. மனிசருக்கு வராது.”

கட்டி வராத மற்றப் பசுவுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு அவள் போனாள். கன்றுக்கு அதற்குள் காய்ச்சல் தொடங்கியிருந்தது.

சிவலையின் பின்தொடையில் ஒரு புண் குழி விழுந்திருந்தது. லூசியா கற்பூரம் கரைத்த வேப்பெண்ணெயை அதற்குள் ஊற்றினாள். சதையே நெளிவதுபோல இருந்தது. பிறகு வெள்ளைப் புழுக்கள், சோறு பொங்கி வழிவதுபோல, ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளியே கொட்டின. ஒன்று அவளுடைய விரலிடுக்கில் ஊர்ந்தது. ஓடிப்போய் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அன்றைக்குச் சோற்றைப் பார்க்கவே அவளால் முடியவில்லை. ஆனாலும் மறுநாளும் எண்ணெய்ப் போத்தலோடு கொட்டிலுக்குப் போனாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது வேலிப் படலையில் ஒரு லொறி நின்றது. பேதுரு சிவலையின் புண்களெல்லாம் மறையச் சாம்பலும் கழிவெண்ணெயும் பூசி, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். லூசியா லொறியின் பலகை இடுக்கால் எட்டிப் பார்த்தாள். உள்ளே கட்டி உடைந்த மாடுகள். விழுந்து கிடந்த ஒன்றின்மேல் மற்றவை மிதித்துக்கொண்டு நின்றன. சீழும் சாணியும் கலந்து பலகையால் வடிந்தன. அதன்மேல் இலையான்கள் கறுப்புச் சீலை போர்த்ததுபோல மொய்த்தன.

“இதுகளை எங்க கொண்டு போறியள்?”

“வெட்டத்தான். தோலை உரிச்சாப்பிறகு ஆருக்கு என்ன தெரியப்போகுது?” வியாபாரி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

புழுவைக் கண்டு வந்த குமட்டல் இதற்குக் கிட்டவும் வராது.

“விடு லூசியா, மனிசருக்கு வராதெண்டு மிஸ்ஸே சொன்னவதானே. இது செத்துப்போனா எங்களுக்கு ஒண்டுமில்லை” என்றான் பேதுரு.

“உந்த அழுகலைப் பெத்த பிள்ளையளுக்கெண்டாக் குடுப்பியளோ? லொறி நிண்டு நிண்டு போற இடமெல்லாம் இந்த இலையான் இறங்கும். அங்கத்தையான் மாடுகளும் இப்பிடித்தான் புழுக்கும். சீ! சாம்பல் பூசி மறைக்க உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?”

பேதுருவின் கையிலிருந்த கயிற்றைப் பறித்து வேம்பில் கட்டிவிட்டு, அங்கேயே நின்று டிலோஜினிக்கு ஃபோன் எடுத்தாள். அதைக் கண்டதும் வியாபாரி லொறியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். சிலாவத்துறைக்கு அங்கால் பொலிசார் மறித்தார்களாம். அதற்குள் இன்னொரு ஊரில் அவன் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியிருந்தானாம். பிறகு அந்த ஊர் மாடுகளுக்கும் கட்டி கிளம்பியது. அந்த லொறியால்தான் வந்ததென்று ஒருவராலும் அறுதியாகச் சொல்ல முடியவில்லை. லூசியாவுக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை.

கன்று பிழைக்கவில்லை. மற்றவர்களைப்போல இழுத்துக்கொண்டுபோய்ப் பற்றைக்குள் போடச் சொன்னான் பேதுரு. நாய் இழுத்துத் திரியும் என்று சொல்லி அவள் மண்வெட்டியை எடுத்தாள். இடுப்பளவு தோண்டியபோது மூச்சு வாங்கியது. அவன் குழிக்குள் இறங்கி மிச்சத்தைத் தோண்டினான். சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள்.

சிவலை தப்பியது. பொருக்குகள் உதிர்ந்த இடமெல்லாம் மயிரில்லாத வட்டங்கள். நன்றாகக் காய்ச்சினால் பாலைக் குடிக்கலாம் என்றாள் டிலோஜினி. புண் ஆற ஆற அந்தப் பசுமேல் இருந்த அருவருப்பு லூசியாவை விட்டுப் போய்விட்டது. மடியைத் தடவிக் கறக்கக் கை கூசவில்லை. பேதுருமேல் வந்தது மட்டும் லேசில் போகவில்லை. கறந்த கொஞ்சப் பாலை அவனுக்கே விட்டுத் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தாள். அவன் பக்கத்தில் வந்து குந்தியபோது, எழும்பி அங்கால் போயிருந்து தன்னுடைய வெறுந்தேத்தண்ணியைக் குடித்தாள்.