யன்னலில் வைத்த போன்

தங்கச்சி பாரிசில் செத்துப்போனாள். செத்தவீடு யாழ்ப்பாணத்துத் தீவில், கரம்பொன்னில், எங்கள் வீட்டில். வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. உடல் அங்கே இருக்கும், கதிரை போடுவது இங்கே. படலையில் கறுப்புக் கொடி கட்டி, அங்கே நடக்கும் சடங்கை முன்னறைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டினால், சனம் வந்திருந்து செபமாலை சொல்லி, அழவேண்டிய இடத்தில் அழுதுவிட்டுப் போகும். தீவுப்பகுதியில் இப்போது பல செத்தவீடுகள் இப்படித்தான் நடக்கின்றன.

சடங்குக்கு முதல் நாள் பெறாமகள் போன் எடுத்தாள். தங்கச்சியின் ஒரே பிள்ளை.

"பெரியம்மா, கமெரா தூரத்திலதான் நிக்கும். பெட்டி மூட முதல் நான் என்ர போனில உங்களுக்கு எடுத்து அம்மாவின்ர முகத்தைக் கிட்டக் காட்டுறன். போனைக் கையில வைச்சிருங்கோ, என்ன?"

"ஓம் பிள்ளை" என்றேன். எனக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். வருத்தத்துக்கு மருந்து ஏற்றித் தலைமயிர் கொட்டிய பிறகு தங்கச்சி என்னோடு கதைக்கும்போது கமெராவைப் போடவேயில்லை. "இப்ப வடிவா இல்லை அக்கா, பிறகு போடுறன்" என்பாள். அந்தப் பிறகு வரவில்லை. விசா எடுத்துப் போய்ச் சேரவும் நாளில்லை.

சனம் வரப்போகிறதென்று வீட்டைத் துப்புரவாக்கினேன். திரைச்சீலை தோய்த்தேன், கோயில் மண்டபத்தில் கதிரை சொல்லிவிட்டேன், ஒட்டடை அடித்தேன். தும்புத்தடியை வைத்த கையோடு லப்டொப்புக்கு வந்தேன். நேரலை அதிலிருந்துதான் தொலைக்காட்சிக்குப் போகவேண்டும். அது தங்கச்சி அனுப்பிய பழைய லப்டொப். விண்டோஸ் தவழ்கிறதென்று பெறாமகள் போனமுறை வந்தபோது லினக்ஸ் போட்டுவிட்டிருந்தாள். புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றவா, ஏற்றவா என்று அது கன நாளாக அரித்துக்கொண்டிருந்தது. செத்தவீட்டில் எதுவும் குறையாக இருக்கக்கூடாது என்று நினைத்து, ஏற்று என்று அமத்திவிட்டுப் படுத்தேன். எவளுக்காவது இப்படிப் புத்தி போகுமா? எனக்குப் போனது.

காலையில் திரை புதுப் படத்தோடு பளபளவென்று இருந்தது. வைஃபை மட்டும் இல்லை. 'வைஃபை கருவி எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தது. நேற்றுவரை உள்ளே இருந்தது எங்கே எழும்பிப் போகும்? நிறுத்தி எழுப்பினேன். விமானக் குறி தவறி அமத்துப்பட்டதா என்று பார்த்தேன். பழைய பதிப்பில் எழுப்பியும் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. பிறகு பெறாமகள் காட்டித்தந்த கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையை அடித்தேன். கருவியின் பெயர் வந்தது. ஆக, கருவி இருக்கிறது. அதை இயக்குகிற டிரைவரைத்தான் புதிய பதிப்பு கைவிட்டுவிட்டது. டிரைவரை இணையத்திலிருந்து இறக்கவேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு டிரைவர் வேண்டும். பூட்டின் திறப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியது மாதிரி. வயர் போடலாமென்றால் வைஃபை எனதில்லை, பக்கத்து வீட்டு அக்காவுடையது. மதிலுக்கு மேலால் வருகிறது.

"கோதாரி பிடிச்ச சாமான்" என்று சத்தமாகவே சொன்னேன். கேட்க வீட்டில் ஒருவருமில்லை. இப்படியான நேரத்தில் நான் தங்கச்சிக்கு எடுத்துத்தான் ஏசுவேன். "நீயும் உன்ர லப்டொப்பும்" என்றால் விழுந்து விழுந்து சிரிப்பாள். கை தானாகப் போனை எடுத்து அவள் பெயர்வரை போய்விட்டது. அப்போதுதான் அழுதேன். அவளுக்கு எடுக்கமுடியாது என்பது அதுவரை எனக்கு உறைக்கவேயில்லை.

போன் கையில் இருந்தபடியால் யோசனை வந்தது. சார்ஜ் வயரால் போனை லப்டொப்பில் கொழுவி, போனின் டேட்டாவைக் கொடுத்தேன். வந்தது. ஆனால் வயர் லூஸ். போன் அசைந்தால் அறுந்துவிடும். சிக்னல் யன்னலில் மட்டும்தான். யன்னல் விளிம்பில் போனை வைத்து, அசையாமல் மேலே செபப்புத்தகத்தைப் பாரமாக வைத்தேன். டிரைவர் இறங்கத் தொடங்கினால் துக்கம் விசாரிக்க ஒருவர் எடுப்பார். போனைத் தூக்குவேன், வயர் கழன்று இறங்கியதெல்லாம் வீணாகும். கடைசியில் போனின் சத்தத்தை நிறுத்தினேன். பெறாமகள் சொன்னதை மறக்கவில்லை. பெட்டி மூடப்போவது நேரலையில் தெரியும்தானே, அப்போது ஓடிப்போய் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

டிரைவர் ஏறி முடிய, நிறுத்தி எழுப்பச் சொன்னது. அதற்குள் சனம் வந்துவிட்டது, தொலைக்காட்சியில் படமும் ஓடத் தொடங்கிவிட்டது. போன் வயரில் ஓடுகிறதை ஏன் நிறுத்துவான் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

கமெரா உண்மையிலேயே தூரத்தில்தான் நின்றது. பூவுக்கு நடுவே பெட்டி, பெட்டிக்குள் வெள்ளையாக ஏதோ. பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்து, "படம் நல்ல வடிவாத் தெரியுது பிள்ளை" என்றார். செபமாலை பாதியில் பெறாமகள் பெட்டியடிக்கு வந்தாள். போனை அமத்தி, பெட்டிக்கு மேலே நீட்டினாள். பார்த்தாள். திரும்ப அமத்தினாள்.

எழும்பி ஓடினேன். விழப்போகிறேன் என்று நினைத்து அக்கா சீலையைப் பிடித்தார். உதறிவிட்டுப் போய்ப் புத்தகத்தைத் தள்ளிப் போனைத் தூக்கினேன். வயர் கழன்றது. "ஐயோ, படம் நிண்டுட்டுது" என்றார்கள் பின்னால். திரை நிறையப் பெறாமகளின் அழைப்புகள். எடுத்தேன்.

"எத்தினை தரம் எடுத்தனான் பெரியம்மா" என்று அழுதாள். "மூடிப்போட்டினம்."

"இல்லைப் பிள்ளை, இப்பத்தானே நீ பெட்டியடியில நிண்டனி. நான் ரிவியில பாத்தனான்."

"அது பிந்தித்தான் பெரியம்மா வரும். இஞ்ச நடந்து கொஞ்ச நேரத்தாலதான் உங்களுக்குத் தெரியும்."

நேரலை என்று எழுதியிருந்ததை நான் நம்பியிருந்தேன். "சரி பிள்ளை, அழாத, போய் அம்மாவோட நில்" என்று சொல்லி வைத்தேன்.

முன்னறையில் சனம் காத்திருந்தது. போனை யன்னலில் வைத்து, வயரைக் கொழுவி, புத்தகத்தைத் திரும்ப மேலே வைத்துவிட்டு வந்திருந்தேன். படம் நின்ற இடத்திலிருந்து தொடங்கியது. பெட்டி இன்னும் திறந்திருந்தது. பெறாமகள் போனை நீட்டியபடி நின்றாள். மூடியைத் தூக்கி வந்தவர்களைக் கையால் மறித்து, இன்னொரு தரம் அமத்தினாள்.

"பாவம், ஆருக்குப் பிள்ளை எடுத்துக்கொண்டு நிக்குது?" என்று கேட்டார் அக்கா.

"எனக்குத்தான் அக்கா" என்றேன்.