தாய் என்ற கட்டத்தில் போட்ட புள்ளடி

கண்டியில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவில் கள உத்தியோகத்தராக இருந்தேன். பெயர்தான் பெரிது. வேலை, சின்னப் பிள்ளைகளின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எச்சில் எடுப்பது. மண்சரிவில் தப்பிய பிள்ளைகளில் சிலரை மட்டும் பயம் ஏன் விடுவதில்லை, அதில் மரபணுவின் பங்கு என்ன என்று பார்க்கும் ஆராய்ச்சி. கேள்வி நல்ல கேள்விதான். கேட்கப் போன நாங்கள்தான் அரைகுறைகள்.

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான்கு வயது நிஷாவைப் பார்த்தேன். தகரத்தில் மழை விழுந்தால் கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவாள். அந்த வீட்டுப் பெண் செல்விதான் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள். செல்விக்கும் மழை என்றால் பயம். நிஷா அவளை "அம்மா" என்றாள். நான் படிவத்தில் 'தாய்' என்ற கட்டத்தில் புள்ளடிக் குறி போட்டு, இருவரிடமும் எச்சில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர்கள் கிளினிக்குக்கு வந்த அன்று லேப் ரிப்போர்ட் வந்திருக்கவில்லை. எங்கள் பெரிய டொக்டருக்கு அதெல்லாம் ஒரு தடையா? படிவத்தைப் புரட்டிவிட்டுச் செல்வியிடம் சொன்னார்: "தாய்க்கும் பயம், பிள்ளைக்கும் பயம். உங்கட ரத்தத்தில இருந்துதான் வந்திருக்கு."

இரண்டு மாதம் கழித்து வந்தபோது வாங்குப் பலகையின் ஒரு முனையில் நிஷா, மறு முனையில் செல்வி.

"ஏன் தள்ளி இருக்கீங்க?"

"என்கிட்ட இருந்துதானே மிஸ் பயம் வந்துச்சாம். அதான் தூக்குறதில்ல, பக்கத்துல படுக்க விடுறதுமில்ல. ஆனா ஒன்னு புரியல. நான் பெக்கலையே! இவ எங்க வீட்டுக்காரரோட அண்ணன் புள்ள. பெத்தவ கைப்புள்ளையில விட்டுட்டு குவைத் போயிட்டா."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை லய வீடுகளில் தாய் வெளிநாட்டில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? அன்று கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"மண் சரிஞ்சப்ப?"

"ரெண்டு பேரும் ஒன்னாத்தான் புதைஞ்சு கெடந்தோம். இவ என் நெஞ்சுல."

அந்தக் கேள்வி படிவத்திலேயே இல்லை.

ஓடிப் போய் டொக்டரிடம் சொன்னேன். "அப்ப அந்த சாம்பிளை ரிஜெக்ட் பண்ணுங்கோ" என்றார். சாம்பிளைத் தூக்கிப் போட்டார், அபிப்பிராயத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து செல்வியிடம் சொன்னேன்: "நீங்க பெத்திருந்தாலும் தூக்குறதால பயம் ஒட்டாது. பரம்பரையில கொஞ்சம் கூடும், குறையும். அதுக்கு மேல, பக்கத்துல யார் இருக்காங்கன்றதுதான் முக்கியம்."

"அப்ப தூக்கலாமா மிஸ்?"

நான் பதில் சொல்லுமுன் நிஷா வாங்கில் நகர்ந்து நகர்ந்து போய் மடியில் ஏறிவிட்டாள்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குச்சியை எடுக்குமுன் பெற்றது யார், வளர்ப்பது யார், மண்ணுக்குள் கூட இருந்தது யார் என்று கேளுங்கள். அந்தப் புள்ளடியைப் போட எனக்கு ஒரு நொடி ஆனது. அதற்காக ஒரு பிள்ளை இரண்டு மாதம் தனியாகப் படுத்தது.