முதற்பந்தி

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் ஒரு தமிழ் வீட்டில் நான் சில வருடங்கள் அடிமையாக இருந்தேன். படிக்க வைக்கிறோம் என்று சொல்லித்தான் ஊரிலிருந்து கூட்டி வந்தார்கள். வந்த அன்றே பாஸ்போர்ட்டை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சம்பளம் கிடையாது, தனியாக வெளியே போகவும் கூடாது. எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு, மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடி சாப்பிடுவேன். யாராவது விசாரித்தால், "எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி" என்பார் அந்த வீட்டு அக்கா. அந்த 'மாதிரி'யை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் குப்பை கொட்டப் போன நான் திரும்பிப் போகவில்லை. வாளியைத் தெருவிலேயே வைத்துவிட்டு, பொலிஸ் நிலையத்துக்கு வழி கேட்டுக் கேட்டு நடந்தேன்.

இப்போது ஹம் என்ற பக்கத்து நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் அங்கே என்னோடு வேலை செய்யும் தோழியின் மகளுக்குக் கல்யாணம். தோழி என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதற்பந்தியில் இருத்தினாள். இலையில் சோறு விழுந்த நேரம், பின்னால் பழைய குரல் கேட்டது. அந்த வீட்டு அக்காதான்; மாப்பிள்ளை வீட்டுப் பக்கமாக வந்தவர், பந்தி பரிமாறக் கையில் சாம்பார் வாளியோடு நின்றார்.

"எழும்பு பிள்ளை. ஆக்கள் பாத்துக்கொண்டு இருக்கினம். இதைப் பிடிச்சுப் பரிமாறு."

என் கால்கள் எழும்பத்தான் பார்த்தன. பழக்கம் அப்படி. இலையின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலாது அக்கா. நான் சாப்பிட வந்தனான்."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சோற்றில் நிதானமாகக் குழி செய்தேன்.

"வாளியோடதானே நிக்கிறியள். ஊத்துங்கோ."

ஊற்றினார்.