வேண்டுதலை முன்னாலேயே முடிக்க: அம்மாவுடன் பழனிக்கு ஒரு நாள்

அம்மாவுக்குத் திங்கட்கிழமை மதுரையில் ஆபரேஷன். எடையைக் குறைப்பதற்காக இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தே தீரவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அதனால் போன வியாழக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நானும் அவளும் கொடைக்கானலிலிருந்து பழனிக்குப் போய் அன்றே திரும்பினோம்.

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. கிளம்புவதற்கு முன் இணையத்தில் தேடிப் பார்த்தேன். பழனிக்குப் போவது எப்படி என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நூற்று இருபத்தெட்டு கிலோ எடையும், சர்க்கரையும், முழங்கால் வலியும் உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது எப்படி என்று ஒருவரும் எழுதவில்லை. எங்களைப் போல யாராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

முதலில் வேண்டுதலைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்த அன்று அடுப்படியில் இருக்கும் முருகன் படத்துக்கு முன்னால் நின்று அம்மா சத்தமாகவே சொன்னாள்: "எடை கொறஞ்சு நல்லபடியா எந்திரிச்சுட்டேன்னா, படியேறி நடந்தே வந்து முடி குடுக்குறேன்ப்பா." கேட்டது கிடைத்த பிறகுதான் கடனைக் கட்டுவது வழக்கம். பிள்ளை பிறந்த பிறகு, காய்ச்சல் விட்ட பிறகு, வேலை கிடைத்த பிறகு. ஆனால் ஒருமுறை மதுரைக்கு டாக்டரைப் பார்க்கப் போய் வந்ததும் அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். "முடிய முன்னாடியே குடுத்துருவோம்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. திரும்பி வரமாட்டோம் என்று நினைக்கிறவர்கள்தானே கடனை முன்னாலேயே கட்டிவிடுவார்கள்?

அதன் பிறகு அவள் செய்த எல்லாமே எனக்கு அப்படித்தான் தெரிந்தது. குக்கரில் எத்தனை விசிலுக்குப் பருப்பு வேகும் என்று சொல்லிக்கொடுத்தாள். கம்மலைக் கழற்றி அரிசி டின்னுக்குள் வைத்து, எங்கே வைத்திருக்கிறாள் என்று காட்டினாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாவிடம் போனில், "பிள்ளைய அடிக்கடி வந்து பாத்துக்கங்க" என்றாள். ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரம்மா, ரத்தம் கட்டுவது, தையல் கசிவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "அரிதாத்தான் வரும், ஆனா சொல்ல வேண்டியது எங்க கடமை" என்றார். அரிது என்ற சொல் பஸ் ஏறுவதற்குள் என் காதிலிருந்து போய்விட்டது. மற்றதெல்லாம் தங்கிவிட்டது.

இனிப் பயணம். கொடைக்கானல் பஸ் நிலையத்திலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பிய பஸ்ஸில் ஏறினோம். பழனி அறுபத்து நான்கு கிலோமீட்டர். மூன்று மணி நேரம் ஆனது. டிக்கெட் எங்களுக்கு ஒருவருக்கு எழுபது ரூபாய். வெள்ளனே போனால் கூட்டம் இருக்காது. பஸ்ஸின் முதல் படி உயரமாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்களை நடைமேடைத் திண்டை ஒட்டி நிற்கும் பஸ்ஸாகப் பார்த்து ஏற்றுங்கள். நான் பின்னாலிருந்து தள்ள, அம்மா கம்பியைப் பிடித்து ஏறி, மூன்று பேர் இருக்கையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். எனக்குப் பிறகு ஒரு கை அகலம்தான் மிச்சம்.

பெருமாள்மலையில் ஏறிய ஒருவர் அந்தக் கை அகலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எக்கா, கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. மூணு பேரு சீட்டுத்தான இது?"

"இதுக்கு மேல நெருங்கணும்னா டாக்டர்தான் நெருக்கணும்ணே" என்றாள் அம்மா. "திங்கக்கெழம வாங்க, எடம் தாறேன்."

கண்டக்டர் சிரித்துவிட்டார். "எண்ணே, முன்னாடி சீட்டு காலியாக் கெடக்கு, வெரசாப் போயி உக்காருங்க" என்று அந்த ஆளை அனுப்பிவைத்தார். அம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவுகள் முடிகிறவரை திரும்பவே இல்லை. சவரிக்காடு தாண்டியதும் பனி விலகிக் கீழே வரதமாநதி அணையும் பழனிச் சமவெளியும் தெரியும். எல்லாரும் படம் எடுக்கும் இடம் அது. நான் எடுக்கவில்லை. அம்மாவின் பின்னல் இருக்கைக் கம்பியில் மாட்டிக்கொண்டு தொங்கியது. இடுப்புக்குக் கீழே வரும் முடி. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும்தான் என்று சொல்லியிருந்தார்கள். கல்லீரல் சுருங்கினால்தான் உள்ளே வேலை பார்க்க வசதியாம். எனவே பிளாஸ்க்கில் வடிகட்டிய ரசம், இன்னொரு பாட்டிலில் மோர், டாக்டர் எழுதிக்கொடுத்த புரதப் பொடி எல்லாம் கொண்டுபோனோம். கீழே கிரிவீதி முழுக்கப் பஞ்சாமிர்த வாசனை. கடைக்குக் கடை கூப்பிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு வைக்கப் பார்ப்பார்கள். அம்மா கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நடந்தாள். நான் அவளுக்குத் தெரியாமல் ஒரு போண்டா வாங்கித் தின்றேன். வந்து நின்றதும், "வாயத் தொடச்சுக்க புள்ள, எண்ணெ மினுங்குது" என்றாள்.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்தோம். கிரிவீதிக்குள் ஆட்டோவை விடவில்லை. அங்கிருந்து பேட்டரி வண்டி இருந்தது, அதற்குக் காசில்லை. முடி காணிக்கைக்கும் கட்டணம் கிடையாது. டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பெண்களுக்குப் பெண்களே முடி இறக்கும் வரிசையும் இருந்தது, அங்கே போனோம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் அம்மாவால் எழுந்திருக்க முடியாது. முடி இறக்கும் அக்கா அதைக் கேட்காமலே புரிந்துகொண்டு, ஓரத்திலிருந்த சிமென்ட் திட்டில் உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டாள்.

தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "என்ன வேண்டுதல்க்கா? நெறவேறிருச்சா?" என்று கேட்டாள்.

"இனிமேத்தான்" என்றாள் அம்மா.

கத்தியை எடுக்கப்போன கை அப்படியே நின்றது. "இனிமேத்தானா? எல்லாரும் முடிச்சுட்டுல்ல வருவாக!"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அம்மா, பூமுடி மட்டும் குடும்மா" என்றேன். பெண்கள் முழு மொட்டைக்குப் பதிலாக நுனியில் கொஞ்சம் மட்டும் வெட்டிக் கொடுப்பதுதான் பூமுடி. "மிச்சத்த ஆபரேஷன் முடிஞ்சு வந்து குடுக்கலாம். சாமி ஒண்ணும் சொல்லாது."

"சும்மா இரு புள்ள. எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "நீங்க உங்க சோலியப் பாருங்க தாயி" என்று அந்த அக்காவிடம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். முடி இரண்டு பக்கமும் கட்டுக்கட்டாக விழுந்தது. நான் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவுகிற மாதிரி நின்றேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

வெளியே வந்தவளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு பெரிய உடம்பின் மேல் சின்னத் தலை. சந்தனத்தைத் தடவிக்கொண்டே, "எப்படியும் அரைக் கிலோ கொறஞ்சுருக்கும்" என்றாள். நான் சிரிக்கவில்லை.

மேலே போக விஞ்சுதான், கம்பி வடம் இழுக்கும் மலை ரயில். படியில் அவளால் முடியாது. ஐம்பது ரூபாய்ச் சிறப்பு வரிசையில் போனோம். அன்று கூட்டமில்லாததால் அரை மணி நேரத்தில் ஏறிவிட்டோம். வரிசையில் உட்கார வசதி குறைவு. கையில் ஒரு மடக்கு நாற்காலி இருந்தால் நல்லது. மலைக்கு மேல் போனை விடமாட்டார்கள், கீழேயே ஒப்படைத்துவிட வேண்டும். இந்தப் பதிவில் படம் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

தரிசனம் முடிந்து வெளிப் பிராகாரத்தில் தெற்குப் பக்கமாக உட்கார்ந்தோம். எதிரே எங்கள் மலை கறுப்பாக நின்றது. உச்சி முழுக்க மேகம். வீடு எந்தப் பக்கம் இருக்கும் என்று அம்மா விரலை நீட்டித் தேடினாள். அப்போது நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"ஏ, என்னா? என்னாச்சு?"

"நீ வரமாட்டேன்னு நெனச்சுத்தான முன்னாடியே குடுத்துட்ட? கம்மலக்கூட எடுத்து வச்சிட்ட."

அம்மா நகர்ந்து என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "அடி கூறுகெட்டவளே" என்றாள். "ஆபரேஷன் பண்ணுனா முடி கொட்டுமாம். மூணு நாலு மாசத்துல கொத்துக்கொத்தா வருமாம். அப்பறம் மொளைக்குமாம். டாக்டரம்மா சொன்னாக. நீ அப்ப மாத்திர வாங்கப் போயிருந்த. எல்லாம் கொட்டுனப்பறம் வந்து முருகனுக்கு எலிவாலையா குடுக்கச் சொல்ற? அதான் நல்லா இருக்கும்போதே குடுத்துட்டேன்."

நான் அவளையே பார்த்தேன். மூன்று வாரமாக நான் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு எலிவால் என்று பதில் வந்திருந்தது.

"அப்ப கம்மல்?"

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள தங்கத்த விடுவாகளா? கேளு, எவளாச்சும் போட்டுட்டுப் போறாளான்னு."

"ஒனக்குப் பயமே இல்லையா?"

அம்மா புடவைத் தலைப்பை எடுத்து மொட்டைத் தலையைத் துடைத்தாள். "மயக்க மருந்து குடுப்பாகள்ல, அதுக்குத்தான் பயம். முழிச்சுருந்தா எதையும் பல்லக் கடிச்சுட்டுத் தாங்கிருவேன். தூங்கும்போது என்ன செய்ய முடியும்?" என்றாள். பிறகு, "அப்பாகிட்ட சொல்லாத" என்றாள்.

நான் நினைத்தது தப்பு என்பது உண்மை. அவள் பயப்படுகிறாள் என்பதும் உண்மை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், முடி கொட்டுவது நிஜம்தான். பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஒரு பயம் போன இடத்தில் அம்மாவின் பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இதை நான் தனியாக வைத்திருக்கவில்லை, அவளுக்கும் தெரியும். அது கொஞ்சம் பரவாயில்லை.

மூன்றரை மணிப் பஸ்ஸுக்குத் திரும்பினோம். ஏழு மணிக்கு முன்னால் வீடு. மேலே வரவரக் குளிர் ஏறும். மொட்டை போட்டவர்களுக்குக் குல்லாய் கட்டாயம், நாங்கள் மறந்துவிட்டோம். என் பள்ளி ஸ்வெட்டரை அம்மாவின் தலையில் சுற்றிக் கட்டிக் கூட்டி வந்தேன்.

போகிறவர்களுக்கு இன்னும் சில. பஸ் நிலையத்தை விட்டால் கழிவறை தேடி ரொம்ப நடக்க வேண்டியிருக்கும், முன்னாலேயே போய்விடுங்கள். சர்க்கரை மாத்திரையின் அளவு நீராகார நாட்களில் மாறும். பயணம் போகலாமா என்பதையும் சேர்த்து டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். விஞ்சு ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள், பராமரிப்புக்கு நிறுத்தும் நாட்கள் உண்டு. டாக்டர் பேசும்போது மாத்திரை வாங்க வெளியே போகாதீர்கள். அல்லது திரும்பி வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் இருந்தால் மனசு தானாக ஒரு பதிலை எழுதிக்கொள்ளும். அது எப்போதும் மோசமான பதிலாகத்தான் இருக்கும்.

இப்போது அம்மா பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறாள். குறட்டை நடுவில் நின்று நின்று வரும். நின்றால் நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். வந்ததும் தொடர்வேன். இந்தப் பதிவை இவ்வளவு நேரம் எழுதியதற்கு அதுதான் காரணம். நாளைக்கு மதுரை போய் அட்மிட் ஆக வேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அன்று கீழே இறங்கிப் பேட்டரி வண்டிக்காக நின்றது படிப்பாதையின் அடிவாரத்தில். முதல் படியில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது, சூடம் எரிந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "அந்தப் படியில கொஞ்சம் உக்காந்துக்கம்மா" என்றேன்.

அவள் ஒரு காலைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"வேணாம் புள்ள. முடியக் குடுத்தாச்சு, நடந்து ஏறுறதுதான் பாக்கி. இப்ப ஒரு படி ஏறிட்டா அது கணக்குல சேந்துரும். எல்லாத்தையும் வந்தே ஏறிக்கிறேன்."

வண்டி வரும்வரை வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். படியைத் தொடக்கூட இல்லை.