முப்பத்தொரு சாவுகளைச் சொன்னவர்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் உம்மணா. உம்மணாமூஞ்சி என்று முழுதாகச் சொல்லப் பையன்களுக்குச் சோம்பல். அவருக்குக் கோபமோ வருத்தமோ பெரிதாக ஒன்றும் கிடையாது. முகம் அப்படி அமைந்துவிட்டது. உதட்டோரம் இரண்டும் கீழே இறங்கியிருக்கும், புருவம் நகராது. வயிறு குலுங்கச் சிரிக்கும்போதும் வயிறு மட்டும்தான் குலுங்கும். அவர் சிரிக்கிறார் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள், எட்டு வயது மூத்த அவருடைய அக்கா. "காது நுனி செவக்குதுடா உனக்கு" என்பாள். வேறு யாரும் அவர் காதைக் கவனித்ததில்லை.

படிப்பு முடிந்ததும் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை கிடைத்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று ஜனங்கள் வாய்க்கு வந்தபடி கத்துவார்கள். இந்தப் பக்கம் இவர் பேனா மூடியைத் திறந்து, "இணைப்பு நம்பர் சொல்லுங்க" என்பார். கத்துகிறவருக்கு எதிரே இருப்பவர் முகம் கொஞ்சமாவது மாறினால்தான் மேற்கொண்டு கத்த உற்சாகம் வரும். இவரிடம் அரை நிமிடத்துக்கு மேல் யாராலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒருவர்தான் கை ஓங்கினார். அதுவும் பக்கத்து மேசைக்காரர் மேல்.

தலைமை எழுத்தர் ஓய்வு பெற்ற நாளில் வாழ்த்திப் பேச ஒப்புக்கொண்டிருந்த பொறியாளர் வரவில்லை. "நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க சார்" என்று இவரைப் பிடித்துத் தள்ளினார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல், கையிலிருந்த பதிவேட்டைப் பிரித்து, தலைமை எழுத்தர் தீர்த்துவைத்த புகார்களைப் படிக்க ஆரம்பித்தார்.

"'எங்க குழாயில மூணு நாளா காத்துதான் வருது. காத்து நல்லா வருது. கூடவே தண்ணியும் விடவும்.' சார் உடனே நடவடிக்கை எடுத்தாங்க. இப்ப காத்தும் வர்றதில்ல."

கூடம் ஒரு நொடி கப்சிப்பென்று இருந்தது. பிறகு பின்வரிசையில் யாரோ வெடித்தார்கள்.

"'நீங்க தண்ணி விட்ட அன்னிக்கு நாங்க வீட்ல இல்ல. அந்தத் தண்ணியத் திரும்ப விடவும்.' இது இன்னும் பரிசீலனையில இருக்கு."

ஓய்வு பெறுபவர் நாற்காலியிலிருந்து பாதி சரிந்துவிட்டார். இவருக்கோ உள்ளுக்குள் குறுகிப்போயிற்று. எல்லாரும் சேர்ந்து தன்னைக் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு மேலும் பதினோரு புகார்களைப் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "ஆபீஸ்ல என்னப் பாத்து எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

"உங்களப் பாத்தா?" மனைவி மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். "உங்களப் பாத்தா யாருக்குங்க சிரிப்பு வரும்?"

அக்கா போனில் வேறு மாதிரி சொன்னாள். "அவங்க உன்னப் பாத்துச் சிரிக்கலடா. நீ சொன்னதக் கேட்டுச் சிரிச்சாங்க. ரெண்டும் வேற வேற."

அக்கா தையல் கடை வைத்திருந்தாள். அங்கே துணி தைக்கக் கொடுத்த கல்லூரிப் பெண் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஒரு காபிக் கடை மாடியில் மைக் பிடித்துத் தனியாளாக நின்று சிரிப்புக் காட்டுகிறார்கள், யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று சொல்லியிருந்தாள். அக்கா தம்பியின் பெயரைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் தம்பியிடமே சொன்னாள். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் அவருடைய மகள் வயது. முதல் நான்கு நிமிடம் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. ஐந்தாவது நிமிடத்தில் அவர் நிறுத்தினார்.

"நீங்க சிரிக்கலங்கிறது பதிவாயிடுச்சு. ஏழு வேலை நாளுக்குள்ள உங்களுக்குச் சிரிப்பு வரும். அதுக்கு முன்னாடி யாரும் நேர்ல வர வேண்டாம்."

அப்போது விழுந்த சிரிப்பில் கீழே காபி ஆற்றிக்கொண்டிருந்தவர் மாடிக்கு ஏறி வந்து பார்த்தார். ஒன்றரை வருடத்தில், அந்த மாடியில் இவர் பேசும் ஞாயிறென்றால் உட்கார இடம் கிடைக்காது என்றாகிவிட்டது.

அங்கேதான் ஒரு உதவி இயக்குநர் இவரைப் பார்த்தார். சினிமாவில் வேடம் என்றதும் உம்மணா புதுச் சட்டை எடுத்தார், நாலு நகைச்சுவையை நோட்டில் எழுதிக்கொண்டு போனார். படப்பிடிப்பில் சட்டையைக் கழற்றச் சொல்லி, வெள்ளைக் கோட்டு மாட்டி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைப் போட்டார்கள்.

"சார், கதவத் திறந்துட்டு வரீங்க. கண்ணாடியக் கழட்டறீங்க. 'மன்னிச்சிடுங்க, எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டோம்.' சொல்லிட்டு இடது பக்கம் போயிடறீங்க" என்றார் இயக்குநர்.

"இதுல காமெடி எங்க சார் வருது?"

"காமெடி இல்ல சார். முகத்த மட்டும் அப்படியே வெச்சுக்கங்க."

முகத்தை வேறு எப்படி வைத்துக்கொள்வதென்று அவருக்கும் தெரியாது. ஒரே டேக்கில் முடிந்தது. படம் ஓடியது. அடுத்த இயக்குநர் அதே கோட்டோடு கூப்பிட்டார். அடுத்தவரும் கூப்பிட்டார். மூன்றாவது வருடம் குடிநீர் அலுவலகத்தில் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பத்து வருடத்தில் முப்பத்தொரு படம். முப்பத்தொரு படத்திலும் ஒருவரைக்கூட அவர் பிழைக்க வைக்கவில்லை. அக்கா ஒரு படம் விடாமல் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தாள். "ஒரு ஆளையாவது வீட்டுக்கு அனுப்பக் கூடாதாடா?" என்று ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொள்வாள்.

வெளியே இதனால் சில சங்கடங்கள் உண்டாயின. மாடி வீட்டுப் பெரியவர் சளிக்காகப் படுத்திருந்தபோது நலம் விசாரிக்கப் போனார். கதவைத் திறந்த மருமகள், "அவர் தூங்கறாரு, நீங்க அப்புறமா வாங்க" என்று அரைக் கதவோடு அனுப்பிவிட்டாள். அப்புறமும் உள்ளே விடவில்லை.

அவருடைய ஐம்பத்தைந்தாவது வயதில் அக்காவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் காலையில் ஐசியு-வுக்குள் போய்ப் பார்க்க அவரை அனுமதித்தார்கள். உள்ளே போகிறவர்களுக்குப் பச்சை அங்கி கொடுப்பது அங்கே வழக்கம். அக்கா கண் திறந்து, "சாப்டியா?" என்றாள். அவர் தலையாட்டினார். "பொய் சொல்றான்" என்று பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொன்னாள்.

வெளியே வந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைப்பதற்காகக் கழற்றினார்.

எதிர் பெஞ்சில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. பச்சை அங்கியையும், முகத்தையும், கழற்றிய கண்ணாடியையும் பார்த்த மூத்த மகள் "அப்பா" என்று அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

"அம்மா, நான் டாக்டர் இல்லைங்க" என்றார்.

"எங்கப்பாவுக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க டாக்டர்."

"உங்கப்பா யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. நான் நடிகன்."

மருமகன் உற்றுப் பார்த்தார். "ஆமா, அவருதான்" என்றார். அழுகை நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அந்த அப்பாவே உள்ளேயிருந்து, வெளியே என்ன சத்தம் என்று கேட்டனுப்பினார். காவலாளி வந்து மரியாதையாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க கேன்டீன்ல உக்காந்துக்கங்க. இங்க இருந்தா எல்லாரும் பயப்படறாங்க."

அதனால்தான் அந்தச் சேதி வந்தபோது அவர் கேன்டீனில் இருந்தார். மதியம் பன்னிரண்டு மணி. ஒரு பெண் டாக்டர் வந்தாள், முப்பது வயதுகூட இருக்காது. அவரை அடையாளம் தெரிந்தது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"உக்காரலாமா சார்?"

"உக்காருங்க."

"பதினொண்ணரைக்கு உங்க அக்காவுக்கு இதயம் நின்னுடுச்சு. திரும்ப ஓட வைக்க ரொம்ப நேரம் பாத்தோம். ஓடல. இறந்துட்டாங்க சார்."

அவர் அவளையே பார்த்தார். சொல்லிவிட்டு எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தார். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் போகவில்லை. கையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசையைத் துடைக்க வந்தவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் துடைக்காமலே போனார். வெகு நேரம் கழித்துத்தான் அவள் கேட்டாள், "வீட்டுக்காரருக்கு நான் சொல்லட்டுமா சார்?"

"நான் சொல்றேன்."

அக்காவின் கணவர் மருந்துக் கடை வரிசையில், கையில் சீட்டோடு நின்றிருந்தார். உம்மணா போய்ப் பக்கத்தில் நின்றார். முப்பத்தொரு தடவை சொன்ன வசனம் தொண்டை வரை வந்தது. இந்த மனிதரிடம் அதைச் சொல்லக் கூசியது. வரிசை ஓர் அடி நகர்ந்தது. இருவரும் நகர்ந்தார்கள்.

"என்ன மாப்ள?" என்றார் அவர்.

"மருந்து வேணாம் அத்தான்."

அத்தான் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பின்னால் இருந்தவரைப் பார்த்து, "நீங்க போங்க" என்று வழிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து முப்பத்திரண்டாவது படம். கதவைத் திறந்தார், கண்ணாடியைக் கழற்றினார், பெஞ்சில் அம்மா வேடக்காரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கட். சார், நீங்க சொல்லிட்டுப் போயிடணும்."

"எங்க போறது?"

"ஃபிரேமுக்கு வெளிய."

"இவங்க உள்ளதான சார் இருக்காங்க?"

இயக்குநர் மூன்று டேக் போராடினார். நான்காவதில், வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால் விட்டுவிட்டார். அம்மா வேடக்காரி கிளிசரின் இல்லாமல் அழுதாள். படத்தில் அந்தக் காட்சி ஆறு நொடிதான் வந்தது. அதைப் பற்றி யாரும் எழுதவில்லை. உம்மணா நேரத்தை இழுக்கிறார் என்று மட்டும் பேச்சு பரவி, டாக்டர் வேடங்கள் குறைந்தன. நீதிபதி வேடங்கள் வந்தன. அவற்றில் முதலிலிருந்தே உட்கார்ந்திருக்கலாம்.

காபிக் கடை மாடியை அவர் விடவில்லை. அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆஸ்பத்திரி நாளை எடுத்தார். பச்சை அங்கியைச் சொன்னபோது கூட்டம் உருண்டது. கேன்டீனைச் சொன்னபோது அடங்கியது. மருந்துக் கடைக்கு வந்தார்.

"வரிசையில எங்களுக்கு முன்னாடி ஏழு பேரு."

"ஒன்பது" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அத்தான். அவர் வந்திருப்பதே இவருக்குத் தெரியாது.

"ஒன்பது பேரு" என்று திருத்திக்கொண்டு மேலே பேசினார்.

முடிந்ததும் இருவரும் படியிறங்கினார்கள். முழங்கால் வலியில் அத்தான் ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினார். "நல்லாருந்துது. நடுவுல கொஞ்சம் வேகமாப் போயிட்ட" என்றார்.

"அடுத்த வாரம் நிறுத்திச் சொல்றேன் அத்தான்."

"சரி. எனக்கு முன்வரிசையில இடம் போட்டு வையி."