சிலுவை வைத்த ராணி

செம்பூர் செஸ் போட்டிக்குக் கிளம்பும்போதே என் மனைவி வாசலில் நின்று கெடு வைத்தாள். "ஒரு ஆட்டமாச்சும் ஜெயிச்சுட்டு வாங்க. இல்லன்னா இனிமே ஞாயித்துக்கிழமை பூரா எங்கண்ணன் வீட்லதான்." பன்வேலில் இருக்கும் அந்த மச்சான், தன் பித்தப்பையிலிருந்து எடுத்த கல்லைப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார். போகும்போதெல்லாம் குலுக்கிக் காட்டுவார். ஐயோ, அதற்கு நான் செத்தே போகலாம்.

முதல் நான்கு ஆட்டத்திலும் மண்ணைக் கவ்வினேன். ஐந்தாவதுதான் கடைசி. எதிரில் மாதுங்காக்காரர், ரிட்டையரான பேங்க் ஆபீசர். திடீரென்று பார்க்கிறேன், அவருடைய யானை ஒன்று காவலே இல்லாமல் நிற்கிறது! என் ராணி போய் வெட்டினால் போதும். சந்தோஷத்தில் கை பறந்தது. பறந்த கை ராஜாவைப் பிடித்துவிட்டது.

எல்லாம் எங்கள் தாராவி கிளப்பின் கோளாறு. பழைய பிளாஸ்டிக் கிடங்கில் பொறுக்கிச் சேர்த்த காய்கள். அதில் ராணியே கிடையாது, ஆளுக்கு இரண்டு ராஜாதான். அதனால் தலையில் சிலுவை உள்ள ராஜாவை ராணி என்போம். சிலுவை உடைந்த மொட்டைதான் எங்களுக்கு ராஜா. இத்தனை வருஷப் பழக்கம், கை என்ன செய்யும்?

தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது போட்டி விதி. வாயைத் திறந்தால் மானம் போகும். ராஜாவை ஒரு கட்டம் முன்னால் வைத்து, கடிகாரத்தை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"யானையை ஏன் விட்டார்?" என்று அவர் தனக்குள் முணுமுணுத்தார். தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். அந்த நகர்த்தலுக்குப் பின்னால் சத்தியமாக ஒரு சதியும் இல்லை. அவர் தேடிக்கொண்டே இருந்தார், அவருடைய நேரம் தீர்ந்துபோனது. ஜெயித்துவிட்டேன்!

"பிரமாதம் சார்! அந்த ராஜா மூவை எனக்குச் சொல்லித் தரணும்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "எங்க கிளப் ஸ்பெஷல் சார், வாங்க," என்று சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த ஞாயிறே வந்து நின்றார். காய்களை அடுக்கியதும், "இதுல ராணி எது?" என்று கேட்டார். சிலுவை வைத்ததைக் காட்டினேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடப்பாவி! அப்போ அன்னிக்கு..."

"சார், எங்க வீட்ல மட்டும் சொல்லிராதீங்க," என்று கையைப் பிடித்துக்கொண்டு கல் பாட்டில் கதை முழுவதையும் ஒப்பித்தேன்.

அவர் நாற்காலியை நன்றாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லலை. ஆனா வாராவாரம் நானும் இங்கதான் வருவேன். எனக்கும் ஒரு மச்சினன் இருக்கான் சார். அவன் பாடுவான்."