சைக்கிளுக்கு மேலே கட்டிய உப்பு

நாமக்கல்லில் இரவல் வாங்கிய வெல்டிங் மெஷினை வைத்துக்கொண்டு லாரிக்கு பாடி கட்ட ஆரம்பித்தவன் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ‘இவனுக்கு ஒழுங்காகக் கோடு போடத் தெரியுமா’ என்று சிரித்தவர்களுடைய லாரிக்கே பிறகு பாடி கட்டிக் கொடுத்தேன். தண்ணீர் டேங்கர் கட்டினேன். கோழி ஏற்றுகிற வண்டி கட்டினேன். எங்கள் ஊருக்கென்று பிணவண்டியும் நான்தான் கட்டினேன், அதற்கு மட்டும் கூலி வாங்கவில்லை. மாடி வீடு கட்டினேன். மகனை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தேன். மனைவி இறந்தபிறகு ஆக்லாந்துக்கு, மகன் வீட்டுக்கு வந்தேன். இங்கே நியூ லின்னில், சும்மா உட்கார வேண்டிய வயதில், தெருவில் தூக்கிப் போட்டிருந்த கம்பிகளையும் தகரத்தையும் பொறுக்கி வந்து, மகன் வாங்கிய பழைய கேம்பர்வேனை, உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்கிற வண்டி அது, நிறுத்த ஒரு கூரை போட்டேன். புயல் காற்றிலும் அந்தக் கூரை அசையவில்லை.

அந்தக் கேம்பர்வேனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

குளிர்காலத்தில் தெற்குத் தீவுக்குப் போவதாக மகனும் மருமகளும் திட்டம் போட்டார்கள். அங்கே பனி உறையும் ரோடுகளில், வண்டி வழுக்காமல் இருக்க, சில இடங்களில் உப்புப் போடுவார்கள் என்று மகன் சொன்னான். போதாததற்கு, இரண்டு தீவுக்கும் நடுவில் ஃபெரியில் வண்டியை ஏற்றிக் கடலைத் தாண்ட வேண்டும். உப்பு என்ற சொல்லைக் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன். துருவோடு மல்லுக்கட்டியே வாழ்ந்தவன் நான். உப்புத்தண்ணீர் இரும்பின் எந்த மடிப்பில் போய் ஒளிந்துகொள்ளும் என்று எனக்குப் பாடம் நடத்த ஆள் கிடையாது.

இங்கே விவசாயிகள் தங்கள் வண்டிகளின் அடியில் லானோலின் என்று ஒன்று பூசுகிறார்கள். ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கிற கொழுப்பு அது. பூசினால் வண்டி முழுக்க ஆட்டு வாடை அடிக்கும், ஆனால் உப்பு ஒட்டாது. வண்டிக்கடியில் மல்லாக்கப் படுத்து, பிரேக் டிஸ்கையும் புகைக்குழாயையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, மற்ற இடமெல்லாம் என் கையாலேயே பூசினேன். இரண்டு சைக்கிள்களையும் வண்டிக்குப் பின்னால் வெளியே மாட்டக்கூடாது, சக்கரம் வாரியடிக்கிற உப்புச்சேறு முழுக்க அதன்மேல்தான் விழும் என்று சொன்னேன். பின்பக்கம் பெரிய சாமான் பெட்டி இருந்தது. சைக்கிள்களைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பழைய போர்வையால் சுற்றி, பல வாரம் முன்பே அதற்குள் வைத்துப் பூட்டினேன்.

மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பிறந்த வீட்டில் பெண்பிள்ளைகளைச் சைக்கிள் தொட விட்டதில்லையாம். இங்கே வந்து, நாற்பதை நெருங்குகிற வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து எழுந்து பழகினாள். தெற்கே ஏரிக்கரையில் சைக்கிளுக்கென்றே ஒரு பாதை இருக்கிறது, அதில் ஒருநாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. இந்தப் பயணம் கிளம்பியதே அதற்காகத்தான். புறப்படும் முன் சைக்கிளை ஒருதடவை எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். சுற்றி வைத்ததைப் பிரிக்காதே, என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

வழியெல்லாம் நான் அவர்களை நிம்மதியாக இருக்க விட்டேனா என்றால் இல்லை. தங்குகிற இடத்திலெல்லாம் குழாயைத் தேடி, அடியில் தண்ணீர் பீய்ச்சினேன். ஃபெரிக்குக் காத்திருந்தபோது மழை வந்தது. ரப்பர் பூட்ஸ் எடுக்க மருமகள் சாமான் பெட்டியைத் திறந்தாள். கடல் காற்று உள்ளே போகிறது, மூடு மூடு என்று சத்தம் போட்டேன். பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் வெயில் அடித்தது. மருமகள் கையுறை, தலைக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றாள். மகன் சைக்கிள்களை இறக்கினான். அவனுடையது நன்றாக இருந்தது. அவளுடையதைச் சுற்றியிருந்த போர்வை நனைந்து, செம்மண் நிறத்தில் இருந்தது. பிரித்தால், செயின் ஒரே துருக்கட்டி. பெடல் அசையவில்லை. பின்பிரேக் கம்பி இழுக்க வரவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“உப்புக் காத்துல பெட்டியத் தொறந்து வெச்சா வேற எப்படி இருக்கும்? படிச்சவங்கதானே நீங்கெல்லாம்?”

“நான்தாங்க மாமா தொறந்தேன்,” என்றாள். “யோசிக்கலீங்க. என் தப்புதான்.”

தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டாள். சுற்றிலும் மற்ற கேம்பர்வேன்காரர்கள் டீக் கோப்பையோடு நின்றார்கள். மொழி புரியாவிட்டாலும், யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

மகன் மட்டும் பெட்டிக்குள் தலையை விட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விரலால் எதையோ தொட்டு நாக்கில் வைத்தான்.

“அப்பா, இங்க வாங்க. இது என்னங்கப்பா?”

பெட்டியின் கூரையில், கொக்கியில், கறுப்புத் துணி முடிச்சு ஒன்று தொங்கியது. நுனியில் ஒரு சொட்டு நின்றது.

வண்டி வாங்கிய அன்றே நான் கட்டியது அது. கல் உப்பு, படிகாரம், காய்ந்த மிளகாய். ஒரு வண்டிக்கும் அது கட்டாமல் என் பட்டறையிலிருந்து அனுப்பியதில்லை. இவ்வளவு பெரிய வண்டி, ஊர்க்கண் முழுக்க அதன்மேல்தான் விழும். முன்னால் கட்டினால் மகன் அவிழ்த்துவிடுவான் என்று உள்ளே கட்டினேன். நாமக்கல் வெயிலில் அந்த முடிச்சு வருடக்கணக்கில் கல் மாதிரி கிடக்கும். ஆக்லாந்து மழைக்காலத்தில், அடுப்படி உப்பு ஜாடியே தண்ணீர் விடுகிற ஊரில், அது இளகி, சொட்டுச் சொட்டாக அவள் சைக்கிள்மேல் இறங்கியிருக்கிறது. நான் சுற்றிய போர்வை அதைப் பிடித்துவைத்து ஊறவிட்டிருக்கிறது.

ரோட்டில் இருப்பது உப்பு, கடலில் இருப்பது உப்பு. நான் துணியில் முடிந்து கட்டியதும் உப்புதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது திருஷ்டிக்கு. அவ்வளவுதான் என் மனசில் இருந்தது.

“திருஷ்டிக்குடா,” என்றேன்.

மகன் அதை அவிழ்த்தான். மருமகள் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“விடுங்க மாமா. எங்களுக்குன்னுதானே கட்டுனீங்க,” என்றாள்.

எண்ணெய் விட்டுப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் கடை கிடையாது. மகனுடைய சைக்கிளில் அவளுக்குக் கால் எட்டவில்லை. கடைசியில் இருவரும் அந்தப் பாதையில் நடந்து போனார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சைக்கிள்காரர்கள் மணி அடிக்கும்போதெல்லாம் அவள் பாதையோரம் ஒதுங்கி நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

திரும்பி வந்தபிறகு, ஆக்லாந்திலேயே மனுகாவில் ஒரு நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். அவரும் குளிர்காலத்தில் தெற்கே போகிறாராம். வண்டிக்கு என்ன பூசுவது என்று கேட்டார். லானோலின் பூசியதைப் பற்றி மகன் விவரமாகச் சொல்லி, அப்பா கைவேலை, அடியில் ஒரு பொட்டுத் துரு இல்லை என்றான். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். சைக்கிள் என்ன ஆனது என்று நண்பர் கேட்டார். மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே, ஃபெரியில் கடல் காற்றுப் பட்டு ஒன்று வீணாகிவிட்டது என்றான்.

“யாரு பெட்டியத் தொறந்து விட்டது?” என்று நண்பரின் மனைவி சிரித்தாள். “நீதானா?”

“ஆமாங்க்கா, நானேதான்,” என்று மருமகளும் சிரித்துவிட்டு, என் தட்டில் தயிர் ஊற்றினாள்.

என் கை பட்டது எதையும் நான் அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தது கிடையாது. ஒரு ஆணி அடித்திருந்தாலும் நான் அடித்தது என்று சொல்லுகிற ஆள். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தயிரைப் பிசைந்து சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. பிறகு இன்னும் இரண்டு வீடுகளில் அதே கதையைச் சொன்னார்கள். அங்கேயும் பெட்டியைத் திறந்தவள் அவள்தான்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மகனுக்கும், எங்களோடு சாப்பிட்ட எல்லோருக்கும் சொல்கிறேன். ஃபெரி ஒன்றும் செய்யவில்லை. பூட்ஸ் எடுக்கத் திறந்தவள் ஒன்றும் செய்யவில்லை. உப்பு முடிச்சைக் கட்டியதும் நான், போர்வை சுற்றியதும் நான், எடுத்துப் பார்க்காதே என்று தடுத்ததும் நான். லானோலினுக்கு என் பெயரைச் சொல்கிறீர்கள் அல்லவா, இதற்கும் என் பெயரையே சொல்லுங்கள். என் பங்கை இனி அவள் தலையில் போடக்கூடாது.